சம்பளம் இருந்தது, சொல் இல்லை

(குவைத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று மும்பை திரும்பிய உறுப்பினர்கள் சார்பில், நமது மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

"வளைகுடா வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்று மன்றத்தார் கேட்டபோது எங்களுக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. நாங்கள் நால்வர். குவைத்தில் ஒரே அறையில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்கள். ஒருவர் வெல்டர், ஒருவர் லாரி ஓட்டியவர், ஒருவர் கொத்து மேஸ்திரி, ஒருவர் கம்பெனி ஸ்டோரில் கணக்கெழுதியவர். 1978இல் அன்றைய பம்பாயிலிருந்து புறப்பட்டோம். 2013இல் திரும்பி வந்தோம். படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர்; மேடை கண்டவர்களும் அல்லர். நால்வருக்காகவும் ஒரு வாய் பேசுகிறது, அவ்வளவுதான்.

வந்த நாள் முதல் எல்லோரும் எங்களிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். "எவ்வளவு சம்பாதித்தீர்கள்?" என்பது ஒன்று. "ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்பது இன்னொன்று. யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "அந்த நாட்டில் நீங்கள் யாராக இருந்தீர்கள்?" என்பதே அது. இன்று அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறோம். ஏனென்றால் அந்தப் பதிலில் மும்பையில் வாழும் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

போன கதை

நெல்லைச் சீமையில் மழை பொய்த்தால் பம்பாய் ரயில் ஏறுவது எங்கள் அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். தாராவியில் அத்தான் வீட்டு மேல்தட்டில் படுக்க இடம், கையில் ஒரு தொழில், பிறகு ஏஜெண்டின் வாசல். அன்று வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் சந்தையாகவே பம்பாய் இருந்தது. கூலிக்குக் கடல் கடப்பவனைக் காக்க அப்போது நம் நாட்டில் இருந்தது 1922ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம். புதிய குடிபெயர்வுச் சட்டம் 1983இல்தான் வந்தது. ஆகவே நாங்கள் வட்டிக்கு வாங்கிய பணத்தை ஏஜெண்டின் மேசையில் வைத்துவிட்டு, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினோம்.

இறங்கிய அன்றே கம்பெனிக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்று அது எங்களுக்குத் தவறாகவே தோன்றவில்லை. "பத்திரமாக இருக்கட்டும்" என்றுதான் நினைத்தோம். அதை நாங்கள் மறுபடி பார்த்தது மூன்றாவது ஆண்டு, விடுப்பில் ஊர் வரும்போது.

அன்றாட வாழ்வு

ஓர் அறைக்கு எட்டுப் பேர். கட்டில் மேல் கட்டில். காலைக்குக் குப்பூஸ் ரொட்டி, இரவுக்குச் சோறு. சமையல் முறை வைத்து மாறும். சாமான் வாங்கப் பக்காலா என்று சொல்கிற மூலைக் கடை. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் துணி துவைப்பது, முடி வெட்டுவது, கடிதம் எழுதுவது எல்லாம். எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டம்மா அதைக் கேட்டுவிட்டு, அதே நாடாவில் தான் பேசித் திருப்பி அனுப்புவார். எங்களில் ஒருவர் தம் மகள் பேசப் பழகியதை நான்கு கேசட்டுகளில்தான் கேட்டார். நேரில் பார்த்தபோது அந்தப் பிள்ளை, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபா என்னுமிடத்தில் 53.9 டிகிரி பதிவானது. கோடையில் 50ஐத் தொடுவது அங்கே அதிசயமல்ல. இரும்புக் கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டும். இப்போது ஜூன் முதல் ஆகஸ்டு முடிய பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. எங்கள் இளமைக் காலத்தில் வெயிலுக்கு எங்கள் தலைத்துண்டுதான் தடை.

நன்றி கெட்டவர்களாகப் பேச நாங்கள் வரவில்லை. அந்த மண் எங்களுக்குச் சோறு போட்டது. வருமான வரி பிடிக்கவில்லை. ஊரில் எங்கள் தங்கைமார் கழுத்தில் தாலி ஏறியதும், ஓலைக் குடிசை காரை வீடானதும் தினார் வந்த பிறகுதான். தங்கள் வீட்டுச் சாப்பாட்டை எங்களுக்கும் எடுத்து வைத்த குவைத்திகள் உண்டு. இதையெல்லாம் மறைத்தால் நாங்கள் மனிதர்களல்லர்.

கஃபீல் என்னும் கயிறு

ஆனால் அந்த நாட்டில் எங்கள் இருப்பு எங்களுடையதாக இருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரு கஃபீல் உண்டு, அதாவது பொறுப்பாளர். அவர் பெயரில்தான் அக்காமா என்னும் தங்கும் அனுமதி. வேறு கம்பெனிக்குப் போக அவர் 'ரிலீஸ்' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டும். வெளியே ஓடினால் 'தலைமறைவு' என்று ஒரு புகார். அன்றிலிருந்து நம் ஆள் சட்டத்துக்குப் புறம்பானவன். சம்பள பாக்கி கேட்டு ஓடியவனும் குற்றவாளிதான். அடி பொறுக்காமல் ஓடிய வீட்டுப் பணிப்பெண்ணும் குற்றவாளிதான்.

வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்கு 2015 வரை தனிச் சட்டமே இல்லை. அந்த ஆண்டு வந்த 68ஆம் எண் சட்டம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு என்று எழுதியது. எழுதியது நல்லதுதான். ஆனால் பூட்டிய கதவுக்குள் கடிகாரத்தைப் பார்க்க எந்த அதிகாரி வருவார்?

தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை குவைத் குடிமக்களுக்குத்தான். எங்களுக்கு அனுமதித்தது பொங்கல் விழா, பட்டிமன்றம், இரத்ததான முகாம். அவையும் வேண்டியவைதாம். ஆனால் மேடையில் ஐந்து மணி நேரம் தமிழின் பெருமை பேசிய நாங்கள், ஐந்து மாதச் சம்பள பாக்கியைப் பற்றி அதே மேடையில் ஒரு வார்த்தை பேச முடியாது. இதைத்தான் எங்கள் அறையில், "சம்பளம் இருக்கிறது, சொல் இல்லை" என்பார்கள்.

திவானியாவின் வாசலில்

அந்த நாட்டின் அரசியலையும் சொல்ல வேண்டும். 1961இல் குவைத் விடுதலை பெற்றது. 1962இல் அரசியல் சட்டம் வந்தது. 1963இல் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 50 பேர். அமைச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இருந்தது. சுற்றியிருந்த வளைகுடா நாடுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய செய்தி.

பெரிய வீடு ஒவ்வொன்றிலும் திவானியா என்றொரு கூடம் உண்டு. மாலையில் ஆண்கள் அங்கே கூடித் தேநீர் குடித்து ஊர்ப் பேச்சு, அரசியல் பேச்சு பேசுவார்கள். 1986இல் அமீர் மன்றத்தைக் கலைத்தார். 1989 முடிவிலும் 1990 தொடக்கத்திலும் திங்கட்கிழமை தோறும் ஒரு திவானியாவில் கூடி, "மன்றத்தைத் திரும்பக் கொடு" என்று கேட்டார்கள். போலீஸ் வந்து தடுத்தது. எங்கள் மேஸ்திரி அப்படிப்பட்ட கூடங்கள் சிலவற்றுக்குச் சுவர் பூசியவர். "சுவர் எழுப்பியவன் வாசலில் நிற்கிறான், உள்ளே நாட்டைப் பற்றிப் பேச்சு நடக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்கள் போராடிய முறையைப் பார்த்துத்தான், வாக்கு என்பது சும்மா கிடைப்பதில்லை என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே 2005இல்தான் வாக்குரிமை கிடைத்தது. 2009இல் நான்கு பெண்கள் உறுப்பினரானார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். இன்று குவைத்தில் வாழ்வோர் 48 லட்சத்துக்கு மேல். குடிமக்கள் ஏறத்தாழ 15 லட்சம். இந்தியர்கள் மட்டும் சுமார் 10 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு அந்த நாட்டில் வாக்கு இல்லை. எத்தனை தலைமுறை உழைத்தாலும் வராது. 2020இல் கொரோனா காலத்தில், அயலாரை 70 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பிரதமர் பேசினார். இந்தியர் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று ஒரு மசோதாவும் பேசப்பட்டது. சுமார் 8 லட்சம் பேர் வெளியேற வேண்டியிருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அது சட்டமாகவில்லை. ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: 8 லட்சம் பேரின் அடுப்பைப் பற்றிய பேச்சு, அந்த 8 லட்சத்தில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 2024 மே மாதம் இப்போதைய அமீர் அந்த மன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்காண்டு வரை நிறுத்தி வைத்தார். ஆக, உரிமை இருந்தவர்களும் இன்று கைகட்டி நிற்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் உரிமை என்றும் இருக்கும் என்று தூங்குகிறவர்களுக்கு இது ஒரு பாடம்.

ஒரே இரவில்

1990 ஆகஸ்டு 2. விடிகாலையில் ஈராக்கின் டாங்கிகள் வந்தன. அன்று குவைத்தில் இருந்த இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வங்கி மூடியது. பிறகு குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒரே மதிப்பென்று அறிவித்தார்கள். பத்தாண்டுச் சேமிப்பு காகிதமானது. நாங்கள் நால்வரும் கையில் ஒரு பையோடு பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போனோம். பாலைவனத்தில் கூடாரம், தண்ணீருக்கு வரிசை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்கு வந்தன. இரண்டு மாத காலத்தில் 500க்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையில் பறந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு வந்து சேர்த்தன. அன்று வி.பி. சிங் பிரதமர், குஜ்ரால் வெளியுறவு அமைச்சர். இந்த நாடு எங்களைக் கைவிடவில்லை என்பதை நன்றியோடு சொல்கிறோம். சகார் விமான நிலையத்தில் சட்டையும் அழுக்குமாக இறங்கியபோது, வாசலில் நின்று கூப்பிட்டு அழைத்துப் போனவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் தகப்பன்மார்.

1991 பிப்ரவரியில் குவைத் மீண்டது. பிறகு நடந்தது என்ன தெரியுமா? போருக்கு முன் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் பாலஸ்தீனியர் இருந்தார்கள். பள்ளிகளில் பாடம் சொன்னவர்கள், அலுவலகங்களை நடத்தியவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள். அவர்களின் தலைவர் சதாமின் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக, மிகப் பெரும்பாலோர் அந்த நாட்டில் இல்லாமலே போனார்கள். நாங்கள் 1992இல் மறுபடி போனபோது அவர்கள் வாழ்ந்த தெருக்களைப் பார்த்தோம். உரிமையில்லாதவன் வாழ்வு எத்தனை ஆண்டானாலும் வாடகை வாழ்வுதான் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

போரில் இழந்ததற்கு ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் ஓர் ஆணையம் அமைத்து ஈடு கொடுத்தது. குவைத்தை விட்டு ஓடி வர நேர்ந்தவருக்கு, தனி ஆளானால் 2,500 டாலர். வேறு கோரிக்கை வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் 4,000. எங்களில் மூவரிடம் அக்காமா நகல் இருந்தது, பணம் வந்தது. நாலாமவர் பாலைவனத்தில் பையைத் தொலைத்திருந்தார். ஒரு தாளைத் தேடி அவர் அலைந்த அலைச்சலை நாங்கள் அறிவோம். அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் எந்தத் தாளையும் கிழித்து எறிவதில்லை.

ஓய்வு என்னும் கணக்கு

ஓய்வு பெறும்போது அங்கே பென்ஷன் நமக்கில்லை. பணிக்கொடை உண்டு. 2010ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் மொத்தம் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 20 ஆண்டில் அந்த உச்சவரம்பு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒருவர் ஒரே கம்பெனியில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பணிக்கொடையில் ஒரு காசு கூடாது. போருக்குப் பின் சேர்ந்த கம்பெனியில் 21 ஆண்டு வேலை பார்த்த எங்களுக்கு, இது கணக்கு முடிக்கிற நாளில்தான் தெரிந்தது. மேலாளர் சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்துத்தான் சொன்னார்.

இப்போது போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. போகாதே என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. போகுமுன் ஒப்பந்தத்தைப் புரிகிற மொழியில் படியுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், அந்த அனுமதியும் அரசின் 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். 2024 ஜூன் 12 விடிகாலையில் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் ஒன்று எரிந்தது. 45 இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் படுத்திருந்ததும் நாங்கள் படுத்த மாதிரி அறைதான். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் நால்வரும் சோறு உண்ணவில்லை.

எங்கும் இல்லாத பெயர்

இனி உங்களுக்கான செய்தி. 2013இல் திரும்பியதும் எங்களில் மூத்தவர் சொந்த ஊருக்குப் போனார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. "நீங்கள்தான் ஊரிலேயே இல்லையே" என்றார்கள். குடும்ப அட்டையிலும் பெயர் நீக்கம். பிறகு மகளோடு இருக்க மும்பை வந்தார். இங்கேயும் பெயர் இல்லை. 35 ஆண்டு உழைத்து, மூன்று ஊரில் வாழ்ந்து, 61 வயதில் எந்த ஊரிலும் எழுதப்படாத மனிதராக அவர் நின்றார். படிவம் கொடுத்து, நடையாய் நடந்து, பெயர் ஏறி, 2014 தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தபோது எங்களுக்குக் காட்டிக் காட்டி மகிழ்ந்தார். சிறு பிள்ளை மிட்டாயைக் காட்டுவதுபோல இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு வாக்கு உண்டென்று 2010இல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் வாக்குச் சாவடிக்கு நேரில் வர வேண்டும். கூலிக்குப் போனவன் டிக்கெட் எடுத்து வருவானா? 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் 1 லட்சத்து 19 ஆயிரம். வந்து வாக்களித்தவர்கள் 3 ஆயிரத்துக்கும் குறைவு. பிரதிநிதி மூலம் வாக்களிக்க ஒரு மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019இல் காலாவதியானது. நாட்டுக்குள்ளேயே புலம்பெயர்ந்தவருக்குத் தொலைவிட வாக்குப்பதிவு எந்திரம் என்று 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளைக் கூட்டிப் பேசியது; அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறோம், தோழர்களே! மும்பையில் நீங்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்? இருபது? முப்பது? "என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிக்கொண்டே ஊரில் ஒரு பெயர், இங்கே அரைப் பெயர் என்று இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீடு மட்டும் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊரில் வாக்கு உண்டென்று சட்டம் சொல்லவில்லை. வழக்கமாக எங்கே வாழ்கிறோமோ அங்கேதான் வாக்கு. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு என்பவற்றோடு, குடிபெயர்ந்தவர் என்று நீக்கப்பட்டோரும் அதில் ஏராளம். அங்கே நீங்கிய பெயர் இங்கே ஏறாவிட்டால், எங்கள் மூத்தவர் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

இது தேர்தல் நாளோடு முடிகிற காரியமா? 2024 முதல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்டுகிறவருக்கு ஒரு விதி, காட்ட முடியாதவருக்கு வேறொரு விதி. காட்டுவதற்குத் தாள் வேண்டும். பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள ஒரு வரி அந்தத் தாள்களில் ஒன்று.

1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியரை விரட்டக் குரல் எழுந்தபோது நம் முன்னோர் கடை உடைபட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்களுக்கு அடியும் விழுந்தது, வாக்கும் இருந்தது. அந்த வாக்கினால்தான் இன்று கட்சிகள் நம் தெருவுக்குத் தமிழில் சுவரொட்டி அடித்துக்கொண்டு வருகின்றன. சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014 முதல் தொடர்ந்து மூன்று முறை ஒரு தமிழர் சட்டமன்றம் போயிருக்கிறார். அவர் எந்தக் கட்சி என்பதல்ல இங்கே பேச்சு. குவைத்தில் நூறாண்டு உழைத்தாலும் ஓர் இந்தியத் தொழிலாளிக்கு அது நடக்காது என்பதுதான் பேச்சு.

நாங்கள் விரும்பி ஊமையாக இருக்கவில்லை. சட்டம் எங்களை ஊமையாக்கியது. நீங்கள் சட்டம் கொடுத்த நாக்கைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாழாதீர்கள். மும்பையில் குவைத் வாழ்க்கை வாழாதீர்கள்! தொழிற்சங்கத்தில் சேருங்கள். குடியிருப்போர் கூட்டத்துக்குப் பெண்களையும் அனுப்புங்கள். 18 நிறைந்த பிள்ளையின் பெயரை இந்த மாதமே பட்டியலில் ஏற்றுங்கள். ஊர் ஊராகவே இருக்கட்டும்; கொடைக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம். ஆனால் எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறோமோ, அந்தத் தெருவில் நம் பெயர் எழுதியிருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் நால்வரும் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பெயர் சேர்க்கும் படிவங்கள் வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். ஸ்டோரில் கணக்கெழுதியவரின் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் எழுதிக் கொடுப்பார்.